நாலு கொச்சிக்காய்ச் செடிக்கும் சட்டமா?

வீட்டுத் தோட்டத்தில் பூச்சி மருந்து பாவிப்பதற்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று யாராவது வாயைத் திறந்தால், எங்கள் கரையோர ஊர்களில் முதலில் எழுவது சிரிப்பு. "நாலு கொச்சிக்காய்ச் செடிக்கும் ரெண்டு கத்தரிக்கும் சட்டமா காக்கா?" சிரிப்பு அடங்கியதும் வாதங்கள் வரிசையாக வரும். வயலில் ஏக்கர் கணக்கில் அடிக்கிறவர்களை விட்டுவிட்டு வளவுக்குள் வருவதா? கோட்டாபய ஒரே இரவில் தடை போட்டு நாட்டைப் படுத்திய பாடு போதாதா? என் காணி, என் மரம், இதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை? கடைசியாக, படித்தவர்கள் நாகரிகமாகச் சொல்லும் ஒன்று இருக்கிறது: சட்டம் எதற்கு, மக்களுக்கு விழிப்புணர்வு கொடுத்தால் போதும்.

கல்முனை முதல் பொத்துவில் வரை இன்று பொதுக்கருத்து இதுதான். இது பிழையான கருத்து என்பது மட்டுமல்ல, எங்கள் மண்ணையும் எங்கள் கிணறுகளையும் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காமல் சொல்லப்படும் கருத்து என்பது என் கட்சி.

இருப்பதற்குள் வலுவான வாதம் ஜனாதிபதி கோட்டாபயவின் 2021 தடை பற்றியது. ஆகவே அதையே முதலில் எடுக்கிறேன். அந்த ஆண்டு மே 6ஆம் திகதி வந்த வர்த்தமானி இரசாயனப் பசளையோடு பீடைகொல்லி, களைகொல்லி எல்லாவற்றின் இறக்குமதியையும் நிறுத்தியது. நவம்பர் முடிவதற்குள் அதே அரசாங்கம் பின்வாங்கியது. இடைப்பட்ட காலத்தில் சம்மாந்துறை வட்டைகளிலும் அக்கரைப்பற்று வயல்களிலும் பெரும்போகம் விதைத்தவர்கள் வெளிறிப்போன பயிரைப் பார்த்துக்கொண்டு வரம்பில் நின்றார்கள். அடுத்த ஜனவரியில் 40 பில்லியன் ரூபா நட்டஈடு என்று அறிவிப்பு வந்தது. அந்தக் கோபம் நியாயமானது. அதைக் குறைத்துப் பேச எனக்கு உரிமையில்லை.

ஆனால் அந்தப் பயிர் வெளிறியது யூரியா இல்லாமல். தத்துவெட்டிக்கு மருந்து கிடைக்காதது இரண்டாம்பட்சம். எல்லாவற்றையும், ஒரே நாளில், மாற்று எதுவும் கையில் இல்லாமல் நிறுத்தியதுதான் அங்கே நடந்த பிழை. அதற்கு முன் 2015இல் கிளைபோசேற்றை நாடு முழுவதும் தடை செய்தபோதும் அதே பிழை சிறிய அளவில் நடந்தது. மாற்று இல்லாத கமக்காரர் கள்ளமாக வந்த புல்லெண்ணெயை இரட்டிப்பு விலைக்கு வாங்கினார். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விலக்கு, 2022இல் தடையே நீக்கம். இப்படிச் சட்டம் போட்டால் சட்டத்துக்கே மரியாதை போய்விடும் என்பதற்கு இந்த இரண்டும் போதிய சாட்சி.

எங்கள் ஞாபகம் 2015க்கும் 2021க்கும் அப்பால் போவதில்லை என்பதுதான் கோளாறு. பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம். அந்தச் சட்டத்தின் கீழ், சத்தம் போடாமல், ஒவ்வொன்றாக, இந்த நாடு செய்த தடைகளை யாரும் பேசுவதில்லை. 1984இல் பரத்தியன், மீதைல் பரத்தியன். 1995இல் மொனோகுரொட்டபொஸும் மெத்தமிடொபொஸும். 1998இல் எண்டோசல்பான். 2008 முதல் 2011 வரை படிப்படியாகப் பரகுவாட், டைமெதோயேட், பெந்தியோன். இவற்றையெல்லாம் எடுத்தால் விவசாயம் படுத்துவிடும் என்று பயந்தவர்களின் பயம் பலிக்கவில்லை. நெல் விளைச்சல் அந்தத் தடைகளால் விழவில்லை என்பது பின்னர் ஆராய்ந்து பார்த்த விடயம். 1995ஐ ஒட்டி இலட்சத்துக்கு 47 பேர் என்று உலகின் உச்சத்தில் நின்ற இந்நாட்டுத் தற்கொலை வீதம், அடுத்த இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய 70 சதவீதம் இறங்கியது. அதனால் தப்பிய உயிர்கள் சுமார் 93,000 என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் மற்ற நாடுகளுக்கு எடுத்துக்காட்டும் சாதனை இது. இங்கே அதைப் பற்றி ஒரு மேடைப் பேச்சுக்கூட நான் கேட்டதில்லை. தோற்ற தடைகளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு தடை என்றாலே தோல்விதான் என்று முடிவு கட்டுகிறோம்.

ஆகவே 2021ஐக் காட்டி என்னை வாயடைக்க முடியாது. எதை, யாருக்கு, எந்த வேகத்தில் நிறுத்துவது என்பதுதான் கேள்வி.

இப்போது அந்த "நாலு செடி" வாதத்துக்கு வருவோம். ஒரு வீட்டில் பாவிக்கும் அளவு சிறியது, ஆகவே தீங்கும் சிறியது என்பது அதன் சாரம். கேட்க நன்றாக இருக்கிறது. மருந்துக் கடையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். "கத்தரிக்குப் புழு, நல்ல மருந்தொண்டு தாங்க." "வயலுக்கு அடிக்கிற சாமான் இரிக்கி. மூடியில ஊத்தி அடிங்க, ஒண்டும் நிக்காது." வியாபாரம் முடிந்தது. கடைக்காரரிடம் சட்டம் அத்தாட்சிப் பத்திரம் கேட்கிறது. வாங்குகிறவரிடம் எதற்கு, எவ்வளவு இடத்துக்கு என்று யாரும் கேட்பதில்லை.

அந்த மூடியில்தான் கணக்குப் பிழைக்கிறது. லேபிளில் எழுதியிருக்கும் அளவு முதுகில் சுமக்கும் தெளிகருவிக்கு உரியது. ஒரு மருந்துக்கு 16 லீற்றர் தண்ணீரில் 20 மில்லிலீற்றர் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டில் இருப்பது அரை லீற்றர் தெளிபோத்தல். அதற்குச் சேர வேண்டியது 0.6 மில்லிலீற்றர் அளவில், அதாவது சில துளிகள். சோடாப் போத்தல் மூடி ஒன்று 5 மில்லிலீற்றர் அளவு கொள்ளும். ஒரு மூடி என்றால் எட்டு மடங்கு. புழு சாகவில்லை என்று இரண்டாம் மூடியும் ஊற்றினால் பதினாறு மடங்கு. சம்மாந்துறைப் போடியார் வயலுக்கு இப்படி அடிக்க மாட்டார், அவருக்குக் கட்டாது. மருந்தின் விலை அவரைக் கட்டுப்படுத்துகிறது. வளவுக்குள் அந்தக் கட்டுப்பாடும் இல்லை. வாங்கிய 100 மில்லிலீற்றர் போத்தல் எப்படி அடித்தும் முடியாது, தாராளமாக ஊற்றலாம்.

அடுத்தது பறிக்கும் நாள். ஒவ்வொரு மருந்துக்கும், அடித்த பின் இத்தனை நாள் பறிக்கக் கூடாது என்று ஓர் இடைவெளி இருக்கிறது. ஏழு நாள், பதினான்கு நாள் என்று மருந்துக்கு மருந்து மாறும். நெல்லுக்கு இது பிரச்சினையே இல்லை, அறுவடை ஒரே தடவை. வீட்டு வெண்டியும் பயற்றங்காயும் அப்படியா? ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் முற்றிப் போகும். கொச்சிக்காய் கறி கொதிக்கும்போது ஓடிப்போய்ப் பிடுங்குவது. முருங்கை இலை, பொன்னாங்கண்ணி, வல்லாரை எல்லாம் நினைத்த நேரம் கிள்ளுவது. பதினான்கு நாள் பொறுக்கும் வீட்டுத் தோட்டம் இந்தக் கரையில் இல்லை. வீட்டுக்காரர் அசட்டையாக இருப்பதால் இது நடக்கவில்லை, அந்தப் பயிரின் இயல்பே அப்படி. லேபிளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கடைப்பிடிக்க நினைப்பவருக்கும் வீட்டுத் தோட்டத்தில் அது முடியாது. கடைப்பிடிக்க முடியாத நிபந்தனையோடு விற்கப்படும் பொருளை அவருக்கு விற்காமல் விடுவது கொடுமையா?

மண்ணைப் பற்றிப் பேசாமல் இந்த விடயம் முடியாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். நடுவில் ஒடுங்கிய மணல் திடல். அதன்மேல் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை என்று இடைவெளி தெரியாமல் வீடுகள். பத்துப் பேர்ச்சஸ் காணிக்குள் வீடு, கிணறு, மலக்குழி, மா, தென்னை, அதற்கிடையில் கத்தரிப் பாத்தி. களிமண்ணும் உக்கலும் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதற்குள் நுண்ணுயிர் அதைச் சிதைக்கும். மணலுக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. இமிடாகுளோபிரிட் போல நீரில் கரைந்து செடியின் சாற்றோடு ஏறும் மருந்துகள், அதே கரையும் குணத்தால் மணலில் இறங்கியும் போகும். கீழே சில அடியில் நீர். அந்த நீர் வேலியைப் பார்த்து நிற்பதில்லை. கற்பிட்டி மணலில் தீவிர மரக்கறிச் செய்கை கிணறுகளில் நைத்திரேற்றை ஏற்றியது பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. அது பசளையின் கதைதான், ஆனால் வழி அதே மணல்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு கிணற்று நீரின் அருமை எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கடல் புகுந்த கிணறுகளை இறைத்து இறைத்து உப்புப் போகாமல் தவித்த ஊர்கள் இவை. இப்போது குழாய்நீர் வந்திருக்கிறது. ஆனாலும் குளிப்பு, உடுப்புக் கழுவல், வுழூ, குழாய் நின்ற நாளில் குடிநீர் என்று கிணற்றை யாரும் மூடிவிடவில்லை. என் வளவில் ஊற்றியது உங்கள் வாளியில் வருமானால் "என் காணி, என் மரம்" என்ற பேச்சுக்கு இடமேது? அயலவருக்குத் தொல்லை கொடுக்கலாகாது என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு வந்து, மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று காற்றோடு மருந்து அடிக்கிறோம். மதிலுக்கு அந்தப் பக்கம் தொட்டில் கட்டியிருக்கும்.

காணி உரிமை வாதம் இன்னொரு விதத்திலும் நிற்காது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, நுளம்பு பெருகும் இடம் இருக்கிறதா என்று பார்க்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உங்கள் வளவுக்குள் வரலாம். சிரட்டையில் குடம்பி இருந்தால் வழக்குப் போடலாம். நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்குவில் விழுந்த 2017க்குப் பிறகு இதை யாரும் எதிர்க்கவில்லை. சிரட்டைத் தண்ணீருக்கு ஒத்துக்கொண்டவர்கள் விஷப் போத்தலுக்கு மட்டும் உரிமை பேசுவது வேடிக்கை.

விழிப்புணர்வு போதும் என்பவர்களுக்கு வருவோம். இது மெத்தப் பண்பான வாதம், ஆகவே அதிகம் ஏமாற்றும் வாதமும் கூட. பூட்டி வையுங்கள், பாதுகாப்பாக வையுங்கள் என்று சொன்னால் போதும் என்கிறார்கள். அதை இந்த நாட்டிலேயே பெரிய அளவில் சோதித்துப் பார்த்தாயிற்று. வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்கள், 53,000க்கு மேற்பட்ட வீடுகள் அந்தச் சோதனையில் இருந்தன. பாதிக் கிராமங்களின் வீடுகளுக்குப் பூட்டுள்ள பெட்டிகளைக் கொடுத்து, பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, மற்றக் கிராமங்களோடு ஒப்பிட்டார்கள். 2017இல் லான்செட் இதழில் வந்த முடிவு, தற்கொலை எண்ணத்தோடு மருந்தருந்தும் சம்பவங்களை அந்தப் பெட்டிகள் குறைத்ததற்குச் சான்று இல்லை என்பது. பெட்டி இருந்தது, பூட்டு இருந்தது, அறிவுரை இருந்தது. பலன் இல்லை. பொருளையே வீட்டுக்கு வராமல் தடுத்த தடைகள்தான் உயிர்களைக் காத்தன. அந்த 93,000 வந்தது துண்டுப் பிரசுரத்தால் அல்ல.

எங்கள் ஊர்களில் தற்கொலையைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறோம். மார்க்கம் தடுத்த காரியம், எங்களிடம் நடக்காது என்று சொல்லிக்கொள்கிறோம். கோபத்தில் ஒரு கணம் கைக்கு எட்டியதை எடுக்கும் பிள்ளையிடம் அந்தப் பேச்சு செல்லுபடியாகாது. கைக்கு எட்டுவது என்ன என்பதுதான் அந்தக் கணத்தில் உயிரைத் தீர்மானிக்கிறது. நாலு கத்தரிக்கு வாங்கி முடியாமல் போன அந்த 100 மில்லிலீற்றர் போத்தல் குசினித் தட்டில் வருடக் கணக்காக இருக்கிறது. சில வீடுகளில் அதுவும் இல்லை, வயலில் மிஞ்சியதைக் கொஞ்சம் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்திருப்பார்கள். லேபிளும் இல்லை, நஞ்சின் கடுமையைக் காட்டும் நிறப்பட்டியும் இல்லை.

இந்தப் போத்தல்கள் அண்மையில் கூடியதற்குக் காரணமும் உண்டு. 2022 பொருளாதார நெருக்கடியில், பயிர் செய்யுங்கள் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவே கொடுத்தார்கள். நல்ல விடயம். மாடியில் சாக்கு, முற்றத்தில் பாத்தி என்று எத்தனையோ வீடுகள் புதிதாகத் தொடங்கின. விதை கொடுத்தவர்கள் பூச்சிக்கு என்ன செய்வது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த வெற்றிடத்தை மருந்துக் கடை நிரப்பியது.

"அப்ப பூச்சிக்கு என்ன செய்யச் சொல்றீங்க?" என்ற கேள்வி நியாயமானது. இங்கே இயற்கை விவசாயம் பேசும் நண்பர்களையும் கொஞ்சம் உரச வேண்டியிருக்கிறது. இயற்கையானது என்பதால் தீங்கற்றது என்று எண்ணி, புகையிலையைக் காய்ச்சி அடிக்கச் சொல்கிறார்கள் சிலர். நிக்கொட்டின் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்படுத்தலில் மிகவும் அபாயகரமான பிரிவில் இருக்கும் நஞ்சு. இங்கே தடைசெய்யப்பட்ட மொனோகுரொட்டபொஸ் இருந்த அதே பிரிவு. அதைச் சட்டியில் காய்ச்சினால் சுன்னத்தாகிவிடாது.

என் பதில் பப்பாசியிலிருந்து வருகிறது. 2008இல் பப்பாசி மாவுப்பூச்சி இந்த நாட்டுக்குள் வந்தபோது வளவுக்கு வளவு மரம் வெள்ளை பூத்துச் செத்தது. மருந்து அடித்தவர்கள் தோற்றார்கள். மெழுகுப் பூச்சு மருந்தை உள்ளே விடவில்லை. 2009இல் விவசாயத் திணைக்களம் புவர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவுச் சிறிய ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டது. மாவுப்பூச்சி அடங்கிவிட்டது. அடுத்த ஆண்டு தமிழ்நாட்டிலும் அதே குளவிதான் மரவள்ளியையும் பப்பாசியையும் மீட்டது. 1970களில் தென்னோலையைத் தின்ற வண்டை அடக்கியதும் சிங்கப்பூரிலிருந்து வந்த ஓர் ஒட்டுண்ணிதான். தென்னைச் சிற்றுண்ணிக்கு எதிராகத் தெங்கு ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்து விடுவதும் இன்னொரு சிற்றுண்ணியை.

குளவி எப்போது வேலை செய்யாது தெரியுமா? பக்கத்து வளவில் ஒருவர் மூடிக்கணக்கில் மருந்து அடிக்கும்போது. மாவுப்பூச்சிக்கு மெழுகுச் சட்டை இருக்கிறது, குளவிக்கு இல்லை. சிற்றுண்ணியால் கொச்சிக்காய் இலை சுருளுகிறது என்று அடிக்கிறவர்களுக்கும் இதே கதிதான். பல பூச்சிகொல்லிகளுக்குச் சிற்றுண்ணி அசையாது, அதைத் தின்னும் உயிர்கள்தான் சாகும், இரண்டு கிழமையில் சுருள் கூடும், அவர் வேறு மருந்துக்குப் போவார். நாலு செடி வைத்திருப்பவருக்குப் பெரிய வயலில் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. அவரால் ஒவ்வோர் இலையையும் திருப்பிப் பார்க்க முடியும். கத்தரியின் வாடிய நுனியைப் புழுவோடு கிள்ளி எரிக்கலாம். மயிர்க்கொட்டிக் கூட்டத்தைக் கிளையோடு வெட்டலாம். மாங்காய்க்கும் பாகற்காய்க்கும் பை கட்டலாம். பழ ஈக்குப் பொறி வைக்கலாம். வேப்பங்கொட்டைக் கரைசலும் சவர்க்காரத் தண்ணீரும் அசுவினிக்குப் போதும். இவை எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நான் சொல்லவில்லை. சில போகத்தில் கத்தரியை இழக்கத்தான் வேண்டிவரும். வயல்காரர் பயிரை இழந்தால் கடன்காரர் வாசலுக்கு வருவார். வளவுக்காரர் இழந்தால் சந்தையில் அரைக் கிலோ வாங்குவார். வயலுக்கு ஒரு நியாயமும் வீட்டுக்கு இன்னொரு நியாயமும் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை. வயலை விட்டுவிட்டு வளவுக்கு வருவதா என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்: வளவுக்கு இந்த மருந்து இல்லாமல் முடியும்.

உலகம் செய்ததும் இதே வரிசையில்தான். அமெரிக்காவில் குளோபைரிபொஸ் மருந்தின் பெரும்பாலான வீட்டுப் பாவனையை நிறுத்த 2000ஆம் ஆண்டிலேயே முடிவானது. காரணம் குழந்தைகள். பண்ணைகளில் அது பின்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. பிரான்ஸ் 2019 ஜனவரி முதலாம் திகதி வீட்டுத் தோட்டக்காரருக்குச் செயற்கைப் பூச்சி மருந்து விற்பதையே நிறுத்தியது, விவசாயிகளுக்கு அல்ல. ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் சொந்தக்காரரைக் கேளுங்கள். ஒன்ராறியோவில் 2009 ஏப்ரலிலிருந்து வீட்டுப் புல்தரையில் களைகொல்லி அடிக்க முடியாது. பண்ணைகளுக்கு விலக்கு உண்டு. அங்கே பத்துப் பேர்ச்சஸுக்குள் கிணறும் இல்லை.

கனடாவில் இது தொடங்கியது தலைநகரத்தில் அல்ல என்பதைத்தான் கல்முனைக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கியூபெக் மாகாணத்தில் ஹட்சன் என்ற சில ஆயிரம் பேர் கொண்ட சிற்றூர், 1991இல் தன் சொந்த உபவிதியால் அழகுக்காக அடிக்கும் மருந்துகளைத் தடுத்தது. புல்தரைக்கு மருந்தடிக்கும் கம்பனிகள் வழக்குப் போட்டன. 2001இல் கனடாவின் உயர் நீதிமன்றம் ஊர்ச் சபைக்கு அந்த அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. பிறகுதான் மாகாணங்கள் வந்தன. எங்களிடம் மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது, உபவிதி இயற்றும் அதிகாரம் இருக்கிறது. கல்முனையை எப்படிப் பிரிப்பது, சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை எப்போது என்பதில் செலவான ஆண்டுகளில், பிரித்தெடுக்கும் அந்த மண்ணுக்குக் கீழே ஓடும் நீரைப் பற்றி ஒரு தீர்மானமாவது வந்ததா?

நான் கேட்பது 2021 போன்ற தடையல்ல. வயலுக்கான மருந்து வயல்காரருக்கு மட்டும், கமநல சேவை நிலையத்தின் பதிவைக் காட்டினால் விற்கட்டும். வீட்டுத் தோட்டத்துக்கென்று விவசாயத் திணைக்களம் ஒரு சிறு பட்டியல் போடட்டும். வேப்பெண்ணெய்த் தயாரிப்பு, சவர்க்கார வகை, பழ ஈப் பொறி, புழுவை மட்டும் கொல்லும் பற்றீரியத் தூள் என்று. அவையும் கலந்தபடியே, சிறு போத்தலில், மூடியால் அளக்கும் வேலை இல்லாமல் வரட்டும். மிஞ்சிக் கிடக்கும் பழைய போத்தல்களைத் திருப்பி வாங்க மருந்துக் கம்பனிகளைக் கட்டாயப்படுத்தட்டும். கிணற்றடியில் எதையும் கரைக்கக் கூடாது என்று சபை உபவிதி போடட்டும். சிரட்டை பார்க்க வரும் பரிசோதகர் கிணற்றுக் கட்டையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகட்டும். இரண்டு போகம் அவகாசம் கொடுத்துத் தொடங்கலாம். அதற்குள், நாட்டில் குறைவாகவே இருக்கும் விவசாயப் போதனாசிரியர்களை ஊருக்கு ஒரு நாளாவது பள்ளிவாசல் முன்றலில் உட்கார வைத்தால், புழு விழுந்த கத்தரியோடு கடைக்கு ஓடுகிறவர்கள் அங்கே வருவார்கள்.